48 கிலோமீட்டர் ஆறு எதற்கெல்லாம் பயன்படும்? மாஸ்கோவின் யாவுஸா

வோல்கா, ஓப், யெனிசேய், லேனா. ரஷ்ய ஆறுகள் என்றதும் பள்ளிப் புவியியல் பாடத்தில் படித்த இந்தப் பெயர்கள்தான் நினைவுக்கு வரும். எல்லாமே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிற ஆறுகள். ஆனால் ஒரு ரஷ்ய ஊர் ஏன் அந்த இடத்தில் முளைத்தது, அங்கே மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், பெரிய ஆறுகளைவிடச் சின்ன ஆறுகள்தான் அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம். அதற்காக இங்கே எடுத்துக்கொள்வது யாவுஸா. மாஸ்கோ நகருக்கு வடகிழக்கே பிறந்து, நகருக்குள் நுழைந்து, கிரெம்ளினுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் மாஸ்கோ ஆற்றில் கலந்துவிடுகிற ஆறு. மொத்த நீளமே 48 கிலோமீட்டர்தான்.

இந்தச் சின்ன ஆற்றில் வணிகப் படகுகள் போயிருக்கின்றன. மாவு அரைத்திருக்கிறார்கள், வெடிமருந்து இடித்திருக்கிறார்கள், துணிக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். பின்னாளில் பேரரசரான ஒரு பையன் பாய்மரப் படகு ஓட்டிப் பார்த்திருக்கிறான். மாஸ்கோ மக்களுக்கான முதல் பெரிய குடிநீர்த் திட்டத்துக்குத் தண்ணீர் கிடைத்ததும் இதன் தலைப்பகுதியிலிருந்துதான். இத்தனைக்கும் அடிப்படை இரண்டு விஷயங்கள்: ஆறு இருக்கும் இடம், ஆறு ஓடும் வேகம். இந்த இரண்டும் பிடிபட்டால் மற்றவை தானாகப் புரியும்.

ஆற்றின் போக்கு

மாஸ்கோவின் வடகிழக்கு விளிம்பில் லோசினி ஓஸ்த்ரவ் என்றொரு காடு இருக்கிறது. ஒரு காலத்தில் ஜார் மன்னர்களின் வேட்டைக்காடு. 1983-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டின் சதுப்பு நிலத்தில்தான் யாவுஸா தொடங்குகிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறு இல்லை இது. நாணலும் சேறும் நிறைந்த ஈரநிலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து திரண்டு, முதலில் மேற்கே மித்தீஷி என்ற ஊரை நோக்கிப் போகிறது. அங்கிருந்து தெற்கே திரும்பி மாஸ்கோவுக்குள் நுழைகிறது. மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் நகருக்குள்தான்.

வழியில் மேற்கிலிருந்து செர்மியான்கா, லிஹபோர்கா, கிழக்கிலிருந்து இச்கா, ஹபீலவ்கா போன்ற துணையாறுகள் வந்து சேர்கின்றன. இவற்றில் சில இன்று பெரும்பாலும் நிலத்தடிக் குழாய்களுக்குள் ஓடுகின்றன. மேலே நடப்பவர்களுக்கு அங்கே ஆறு இருப்பதே தெரியாது. நீர்ப்பிடிப்புப் பகுதி 452 சதுர கிலோமீட்டர். கடைசியில் பெரிய உஸ்தின்ஸ்கி பாலத்துக்கு அருகே மாஸ்கோ ஆற்றில் கலக்கிறது. இரண்டு ஆறுகளும் கூடும் அந்த முனையில் 1952-ல் கட்டி முடித்த, 176 மீட்டர் உயரமுள்ள கொத்தேல்னிச்செஸ்கயா குடியிருப்புக் கட்டடம் நிற்கிறது. ஸ்டாலின் காலத்தில் எழுந்த ஏழு உயர்ந்த கட்டடங்களில் ஒன்று. மாஸ்கோ படங்களில் அதைப் பார்த்திருப்பீர்கள். அதன் காலடியில் வந்து சேர்வது யாவுஸாதான்.

சமவெளி ஆறு என்பதால் சரிவு மிகக் குறைவு, வேகமும் குறைவு. இது சாதாரணத் தகவல் போலத் தெரியலாம், ஆனால் பின்னால் வருகிற எல்லாவற்றிலும் இதன் கை இருக்கிறது. மெதுவான நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டு மேலே போவது எளிது. அதே மந்தமான ஓட்டம் ஆலைச் சக்கரத்தைச் சுற்றாது. அணை கட்டி நீரைத் தேக்கினால்தான் சுற்றும். அழுக்கைக் கொட்டினால் அடித்துக்கொண்டும் போகாது, அங்கேயே தங்கும்.

நீர் வரத்தும் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மத்திய ரஷ்யாவில் ஆற்றுக்கு முக்கிய உணவு பனி. குளிர்காலம் முழுக்கக் காட்டிலும் வயலிலும் குவிந்து கிடக்கும் பனி, ஏப்ரல் வாக்கில் சில வாரங்களில் உருகி ஓடும். அப்போது சின்ன ஆறுகூடக் கரை புரளும். கோடையில் இளைத்துவிடும், குளிர்காலத்தில் மேலே உறைந்துபோகும்.

படகைத் தூக்கிக் கடத்திய இடம்

அடுத்தது ஆறு இருக்கும் இடம். இங்கே நீர்ப்பிரிமேடு என்ற கருத்து தேவைப்படுகிறது. ஒரு நிலத்தின் உயரமான பகுதியில் மழை பெய்தால் ஒரு பக்கத்து நீர் ஓர் ஆற்றுக்கும் மறுபக்கத்து நீர் வேறோர் ஆற்றுக்கும் போகும். அந்தப் பிரியும் கோடுதான் நீர்ப்பிரிமேடு. பெயரில் மேடு இருப்பதால் மலைமுகடு என்று நினைத்துவிட வேண்டாம். ரஷ்யச் சமவெளியில் நீர்ப்பிரிமேட்டின் மேல் நின்றாலும் மேட்டில் நிற்பதாகவே தோன்றாது. காடும் சதுப்பும்தான் கண்ணில் படும்.

யாவுஸாவின் தலைப்பகுதிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி கிளியாஸ்மா என்ற ஆறு ஓடுகிறது. யாவுஸாவின் நீர் மாஸ்கோ ஆற்றில் சேர்ந்து, தென்கிழக்கே கொலோம்னாவில் ஒகா ஆற்றை அடைகிறது. கிளியாஸ்மாவோ கிழக்கே விளாதீமிர் நகரம் வழியாகப் போய், வெகுதூரம் கடந்தபின் அதே ஒகாவில் சேர்கிறது. ஆக, மாஸ்கோ ஆற்றில் இருக்கும் ஒரு படகு நீர்வழியாகவே விளாதீமிர் போக வேண்டுமானால் கொலோம்னா வரை இறங்கி, ஒகாவில் நெடுந்தூரம் போய், பிறகு கிளியாஸ்மாவில் எதிர்நீரோட்டத்தில் ஏற வேண்டும். யாவுஸாவில் ஏறினால் இந்தச் சுற்று தேவையில்லை. அதன் மேல்பகுதி வரை துடுப்புப் போட்டுப் போய், சரக்கை இறக்கி, படகை உருட்டுக்கட்டைகள் மேல் வைத்துச் சில கிலோமீட்டர் இழுத்தால் கிளியாஸ்மா. அதற்குப் பிறகு நீரோட்டமே கொண்டுபோய்விடும்.

பழைய ரஷ்யாவில் இப்படிப் படகைத் தரைவழியே கடத்துவது சர்வ சாதாரணம். சாலைகள் இல்லாத, காடும் சதுப்புமான நாட்டில் ஆறுகள்தான் சாலைகள். இரண்டு ஆறுகள் நெருங்கி வரும் இடங்கள்தான் சந்திப்புகள். சந்திப்பு இருந்தால் சுங்கம் வசூலிப்பவரும் இருப்பார். மித்தீஷி அப்படிப்பட்ட சுங்கத் துறையாக வளர்ந்த ஊர்.

12-ஆம் நூற்றாண்டில் விளாதீமிர் செழித்து வளர்ந்தது. மாஸ்கோ அப்போது ஒரு எல்லைச் சிற்றூர். 1156-ல் இளவரசர் யூரி தல்கரூக்கி மாஸ்கோவில் கோட்டை எழுப்பிய செய்தியைச் சொல்லும் நாளாகமம், இடத்தைக் குறிப்பிடும்போதே நெக்லின்னா என்ற சிற்றாற்றையும் யாவுஸாவையும் அடையாளமாகச் சொல்கிறது. கோட்டை யாவுஸா கூடுமிடத்துக்குச் சற்று மேலே அமைந்தது. மேற்கிலிருந்து மாஸ்கோ ஆற்றில் இறங்கி வரும் படகு, யாவுஸாவில் திரும்புவதற்கு முன் கோட்டையைக் கடந்தாக வேண்டும். மாஸ்கோ அங்கே அமைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், வழியைக் கண்காணிக்க வசதியான இடம் என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும்.

1238-ல் மங்கோலியர் விளாதீமிரை அழித்தார்கள். அதன் பிறகு வந்த நூற்றாண்டுகளில் மாஸ்கோவே மையமானது. விளாதீமிருக்குப் போகும் குறுக்குவழியின் மதிப்பு தேய்ந்தது. ஆறு இப்போது ஊருக்குப் பக்கத்து ஆறு. அதிலிருந்து மக்கள் எதிர்பார்த்தது வேறு.

ஆலை, நெருப்பு, அந்நியர்

கூடுமிடத்துக்கு அருகில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேட்டில் குயவர்கள் குடியேறினார்கள். பக்கத்தில் உலோகக் கொப்பரை செய்பவர்கள். எதிர்க்கரையில் வெள்ளி வேலை செய்பவர்கள். இன்றும் அங்குள்ள தெருப் பெயர்களில் இந்தத் தொழில்கள் இருக்கின்றன. காரணம் சுலபம். மாஸ்கோ அன்று மரத்தால் ஆன ஊர். சூளையும் உலையும் வைத்திருப்பவர்களை ஊருக்குள் வைத்துக்கொள்ள முடியாது. ஆற்றுக்கு அப்பால் இருந்தால் தீப்பிடித்தாலும் நடுவில் தண்ணீர் இருக்கும். மண் குழைக்கவும் அதே தண்ணீர். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் இன்னும் சற்று மேலே அந்திரோனிக்கவ் மடம் எழுந்தது. திருவுருவ ஓவியர் அந்திரேய் ருப்ளியோவ் வாழ்ந்து மறைந்த மடம் அது.

ஆற்றின் மேல்பகுதியில் ஆலைகள் வந்தன. மாவு ஆலைகள் முதலில். பிறகு 17-ஆம் நூற்றாண்டில் வெடிமருந்தும் காகிதமும். ஓட்டம் மந்தம் என்பதால் ஒவ்வொரு ஆலைக்கும் குறுக்கே ஒரு தடுப்பணை, அதன் பின்னால் ஒரு குளம். பனி உருகும் வெள்ளம் வரும்போது மண்ணாலும் மரத்தாலும் ஆன இந்த அணைகள் உடையும், திரும்பக் கட்டுவார்கள். படகுக்கு வழி வேண்டுமென்றால் அணை இருக்கக் கூடாது. சக்கரம் சுற்ற வேண்டுமென்றால் அணை இருந்தே ஆக வேண்டும். ஒரு சின்ன ஆறு ஒரே நேரத்தில் இரண்டுக்கும் உதவ முடியாது.

1652-ல் ஜார் அலெக்சேய் மிஹாய்லவிச் ஓர் ஆணை போட்டார். மாஸ்கோவில் அங்கங்கே குடியிருந்த மேற்கு ஐரோப்பியர்கள் நகரை விட்டு வெளியேறி யாவுஸாவின் வலக்கரையில் தனிக் குடியிருப்பில் வாழ வேண்டும். ஜெர்மானியர், டச்சுக்காரர், ஸ்காட்லாந்துக்காரர் என்று படைவீரர்கள், மருத்துவர்கள், கைவினைஞர்கள் அங்கே சேர்ந்தார்கள். ஒதுக்கி வைப்பதற்காகப் போட்ட ஆணை, ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஐரோப்பிய ஊரையே உருவாக்கிவிட்டது.

ஆற்றின் மேலே சற்றுத் தள்ளி பிரியஅப்ரஷேன்ஸ்கயே கிராமத்தில் வளர்ந்தவர்தான் பின்னாளின் மகா பீட்டர். 1688-ல், 16 வயதில், பக்கத்து இஸ்மாய்லவோ பண்ணையின் கிடங்கில் ஒரு பழைய ஆங்கிலேயப் படகைக் கண்டார். நம் படகுகளைவிட இதில் என்ன சிறப்பு என்று கேட்டதற்கு, உடனிருந்த டச்சுக்காரர் பிரான்ஸ் தீமர்மான் சொன்ன பதில்: இது காற்று போகும் திசையில் மட்டுமல்ல, காற்றுக்கு எதிராகவும் போகும். கார்ஸ்டன் பிராண்ட் என்ற மற்றொரு டச்சுக்காரர் படகைப் பழுதுபார்த்து யாவுஸாவில் இறக்கி ஓட்டிக் காட்டினார்.

இங்கே ஒரு சிக்கல். காற்றுக்கு எதிரே நேராகப் போக எந்தப் பாய்மரத்தாலும் முடியாது. ஒரு பக்கம் சாய்வாகப் போய், திரும்பி, மறுபக்கம் சாய்வாகப் போய், இப்படி வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். அதற்கு அகலம் வேண்டும். யாவுஸாவிலோ படகு திரும்புவதற்குள் கரையில் இடித்தது. பீட்டரே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். இஸ்மாய்லவோவில் ஒரு குளத்துக்கு மாற்றினார்கள், அதுவும் போதவில்லை. கடைசியில் வடக்கே பிளெஷேயவ ஏரிக்குப் போனார். ரஷ்யக் கடற்படையின் பாட்டனார் என்று அழைக்கப்படும் அந்தப் படகு இன்று பீட்டர்ஸ்பர்க் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கதையில் யாவுஸாவின் பங்கு, தன் குறுகலால் அவரை வெளியே துரத்தியது!

ஆற்றங்கரையில் பீட்டர் விட்டுச் சென்றவை வேறு. நண்பர் பிரான்ஸ் லெஃபோர்ட்டுக்காகக் கட்டிய அரண்மனை இப்போதும் இருக்கிறது. 1707-ல் இடக்கரையில் திறந்த ராணுவ மருத்துவமனையும் அப்படித்தான். நிகலாஸ் பிட்லோ என்ற டச்சு மருத்துவர் அங்கே ரஷ்ய இளைஞர்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்தார்.

ஆற்றைத் தாண்டிய குடிநீர்

யாவுஸாவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

18-ஆம் நூற்றாண்டில் மாஸ்கோ மக்கள் கிணற்று நீரையும் குளத்து நீரையும் ஆற்று நீரையும்தான் குடித்தார்கள். எல்லாவற்றிலும் கழிவு கலந்தது. 1771-ல் பிளேக் நோய் வந்து 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரில் கலவரம் வெடித்தது. பிளேக் தண்ணீரால் பரவுவது இல்லை. ஆனாலும் அந்தப் பேரழிவுக்குப் பிறகு நகரின் சுகாதாரம் அரசின் கவலையாக மாறியது. 1779-ல் பேரரசி இரண்டாம் கேத்தரீன் மாஸ்கோவுக்கு நல்ல நீர் கொண்டுவரச் சொல்லி ஆணையிட்டார். பொறுப்பு ஃபிரீட்ரிஹ் வில்ஹெல்ம் பவுவர் என்ற ராணுவப் பொறியாளரிடம் வந்தது.

அவர் சுற்றுவட்டாரத்தைத் தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது மித்தீஷி அருகே யாவுஸாவின் மேல்பள்ளத்தாக்கிலிருந்த ஊற்றுகளை. மணல் அடுக்குகளில் வடிந்து, தெளிந்து, தானாகப் பொங்கி வரும் நீர். செர்கியவ் பசாத் மடத்துக்கு நடந்து போகும் யாத்ரீகர்கள் மித்தீஷியில் நின்று சமோவார் என்ற ரஷ்யக் கொதிகலத்தில் தேநீர் குடித்துவிட்டுப் போகும் அளவுக்கு அந்தத் தண்ணீருக்குப் பின்னாளில் பெயர் இருந்தது. ஊற்றுகள் மாஸ்கோவைவிட உயரத்தில் இருந்தன. எனவே பம்பு தேவையில்லை, செங்கல் கால்வாய் ஒன்று கட்டிச் சரிவாக விட்டால் நீர் தானே ஓடிவரும் என்பதுதான் திட்டம்.

சொல்ல எளிது. செங்கல் கால்வாய் அழுத்தத்தைத் தாங்காது. அதனால் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏற முடியாது. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீரான, மிக மெல்லிய சரிவு வேண்டும். மேடு வந்தால் குடைய வேண்டும். பள்ளம் வந்தால் மேலே தூக்கிக் கட்ட வேண்டும். வழியில் வந்த பெரிய பள்ளம் யாவுஸாவின் பள்ளத்தாக்குதான். அதைக் கடக்க ரஸ்தோகினோ என்ற இடத்தில் 356 மீட்டர் நீளத்தில், 21 வளைவுகளோடு வெள்ளைக் கல்லில் ஒரு தொட்டிப் பாலம் கட்டினார்கள். மேலே தொட்டியில் ஊற்று நீர் தெற்கே போகும். கீழே அதே பள்ளத்தாக்கில் பிறந்த ஆறு தன் வழியில் போகும்.

பவுவர் 1783-ல் இறந்தார். துருக்கியோடு போர் வந்தது, வேலை நின்றது. பிறகு இவான் கெரார்ட் என்ற பொறியாளர் எடுத்து நடத்தி, 1804-ல் திட்டம் முடிந்தது. ஆணை போட்ட கேத்தரீன் அப்போது உயிரோடு இல்லை. செலவு பத்து லட்சம் ரூபிளைத் தாண்டியதால் மக்கள் அந்தத் தொட்டிப் பாலத்தை மில்லியன் பாலம் என்றே அழைத்தார்கள்.

வருத்தம் என்னவென்றால், செங்கல் கால்வாய் சீக்கிரமே விரிசல் விட்டது. வழியிலேயே நீர் கசிந்து, திட்டமிட்டதில் சிறு பங்குதான் நகருக்கு வந்தது. 1830 வாக்கில் மாற்று வழி செய்தார்கள்: அலெக்சேயவ்ஸ்கயே கிராமத்தில் நீராவி இயந்திரம் வைத்து, நீரை நகரிலிருந்த சுஹரெவ் கோபுரத்தின் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து பொது நீரூற்றுகளுக்கு இறக்கினார்கள். அந்த நீரூற்றுகள் அழகுக்காக மட்டும் அல்ல. குதிரை வண்டியில் பீப்பாய் வைத்திருக்கும் நீர் வியாபாரிகள் அங்கே நிரப்பிக்கொண்டு வீடுவீடாக விற்றார்கள். 1835-ல் வந்த நீரூற்று ஒன்று தியேட்டர் சதுக்கத்தில் இன்றும் நிற்கிறது.

நகரம் பெருகப் பெருக மித்தீஷியில் கிணறுகள் தோண்டி இன்னும் அதிகமாக உறிஞ்சினார்கள். 1892-ல் புதிய திட்டமே வந்தது. நிலத்தடி நீர் இறங்கியது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறியது. 1903-ல் ருப்ளியவோவில் மாஸ்கோ ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் தொடங்கியபின், மித்தீஷி நீரின் முக்கியத்துவம் மெல்லக் குறைந்தது.

சாயம், அப்புறம் வோல்காவின் நீர்

மேலே ஊற்று நீர் இவ்வளவு அக்கறையோடு பாதுகாக்கப்பட்ட அதே 19-ஆம் நூற்றாண்டில், கீழே நகருக்குள் யாவுஸாவின் இரு கரையிலும் நெசவாலைகளும் சாயப்பட்டறைகளும் தோல் பதனிடும் இடங்களும் நெருங்கி வந்தன. துணியை அலச நிறைய நீர் வேண்டும். அலசிய நீரை விடவும் இடம் வேண்டும். இரண்டுக்கும் ஆறு. ஒரே ஆற்றின் தலையைக் கும்பிட்டு, காலில் கழிவைக் கொட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஓட்டம் மந்தமான ஆறு. ஆலை அணைகள் வேறு அதை இன்னும் தேக்கின. வந்த அழுக்கு அடியில் படிந்தது. ஊற்றுகளின் நீரையும் நகரம் எடுத்துக்கொண்டதால், கழிவை நீர்க்கச் செய்யும் நல்ல நீரும் குறைந்தது.

1930-களில் சோவியத் அரசு இதற்குக் கண்ட வழி, வெளியிலிருந்து நீர் கொண்டுவருவது. 1937-ல் மாஸ்கோ கால்வாய் திறக்கப்பட்டது. 128 கிலோமீட்டர் நீளம். கட்டியவர்கள் பெரும்பாலும் திமித்லாக் என்ற கட்டாய உழைப்பு முகாமின் கைதிகள், அவர்களில் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டார்கள். அந்தக் கால்வாய் வோல்கா நீரைப் பம்புகளால் நீர்ப்பிரிமேட்டின் மேல் ஏற்றி மாஸ்கோவின் பக்கம் இறக்குகிறது. 1940-ல் அதன் ஹீம்கி நீர்த்தேக்கத்திலிருந்து லிஹபோர்கா துணையாறு வழியாக யாவுஸாவுக்கு நீர் திருப்பினார்கள். படகுகள் மேட்டைக் கடந்த நாடு இது. இப்போது ஆற்று நீரே மேட்டைக் கடக்கிறது. நகருக்குள் இன்று ஓடுவதில் பெரும் பங்கு யாவுஸாவின் சொந்த நீர் இல்லை.

அதே 1940-ல் கூடுமிடத்துக்குச் சற்று மேலே சிரமியாத்னிக்கி என்ற இடத்தில் ஓர் அணையும் படகு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டும் கட்டினார்கள். நீர்ப்பூட்டு என்பது இரு முனையிலும் கதவுள்ள நீண்ட தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி நீரை நிரப்பினால், படகு மேல்மட்டத்துக்கு உயரும். பிறகு முன்கதவைத் திறந்து வெளியே போகலாம். அணையும் படகும் ஒன்றாக இருக்க முடியாத பழைய சிக்கலுக்கு இதுதான் தீர்வு. ஆற்றை அகலப்படுத்தி, கரைகளில் கருங்கல் சுவர் எழுப்பி, சாலையும் போட்டார்கள். ஹீம்கி வரை யாவுஸாவைக் கப்பல் வழியாக்கும் பெரிய திட்டமும் இருந்தது. போர் வந்தது, அது நிறைவேறவில்லை.

இணைய வரைபடம் ஒன்றைத் திறந்து, கொத்தேல்னிச்செஸ்கயா கட்டடத்திலிருந்து ஆற்றை மேல்நோக்கிப் பின்தொடர்ந்தால் இதுவரை சொன்னவை எல்லாம் வரிசையாக வரும்: நீர்ப்பூட்டு, அந்திரோனிக்கவ் மடம், லெஃபர்தோவா பகுதியில் பீட்டரின் ராணுவ மருத்துவமனை, ரஸ்தோகினோ தொட்டிப் பாலம். அந்தப் பாலத்தில் இப்போது நீர் இல்லை. மக்கள் நடந்து போகிறார்கள். இன்னும் மேலே மித்தீஷியைத் தாண்டி வடக்கே பாருங்கள். கிளியாஸ்மா நீர்த்தேக்கம் தெரியும். அதுவும் மாஸ்கோ கால்வாய்க்காக 1937-ல் உருவானதுதான். யாவுஸாவுக்கும் கிளியாஸ்மாவுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தின் அளவுகோலை வைத்து அளந்து பார்த்தால், அந்தக் காலத்து வணிகர்கள் ஏன் படகை இழுக்கத் துணிந்தார்கள் என்பது விளங்கும்.